யார் கணக்கில் எழுதுவது?

(பொதுச் சொற்பொழிவு ஒன்றின் அச்சு வடிவம்)



2014 ஜூன் மாதம். மத்தியில் புது அரசு பொறுப்பேற்றுச் சில நாட்களே ஆகியிருந்தன. உளவுத் துறையான ஐ.பி.யின் அறிக்கை ஒன்று பத்திரிகைகளுக்குக் கசிந்தது. அணு உலை, நிலக்கரிச் சுரங்கம், மரபணு மாற்றுப் பயிர் என்று நாட்டில் எங்கெல்லாம் போராட்டம் நடந்ததோ அங்கெல்லாம் வெளிநாட்டுப் பணம் வாங்கும் தொண்டு நிறுவனங்களின் கை இருக்கிறது என்றது அந்த அறிக்கை. அதில் ஓர் எண்ணும் இருந்தது: இந்த எதிர்ப்புகளால் நாட்டின் வளர்ச்சியில் ஆண்டுக்கு 2 முதல் 3 சதவீதம் அடிபடுகிறது.

2013-14ஆம் ஆண்டுக்கு அப்போது அரசு அறிவித்திருந்த வளர்ச்சி விகிதம் 4.7 சதவீதம். ஐ.பி.யின் கணக்கை அப்படியே ஏற்றால், இடிந்தகரை மீனவர்களும் நியமகிரி மலையின் டோங்ரியா கோண்டு மக்களும் இன்னும் சிலரும் சும்மா இருந்திருந்தால் நாடு ஏறத்தாழ ஏழு சதவீத வேகத்தில் பாய்ந்திருக்கும். ரூபாயில் சொன்னால் ஆண்டுக்கு இரண்டு லட்சம் கோடிக்கு மேல். ஒரே வரியில் அடங்கிவிடும் எண் ஊர்சுற்றும்; அதன் பின்னால் இருக்க வேண்டிய கணக்கு ஊர்சுற்றாது. பத்தாண்டுக்கு மேலாகியும் அந்த 2-3 சதவீதம் மேடைகளிலும் தலையங்கங்களிலும் வந்துபோகிறது.

போராட்டத்தால் பொருளாதார இழப்பே இல்லை என்று சாதிக்க இந்த உரை வரவில்லை. இழப்பு உண்டு, சில இடங்களில் மலைக்க வைக்கும் அளவுக்கு உண்டு. கேள்வி வேறு. அந்த இழப்பை எந்தத் தேதியிலிருந்து எண்ணுவது, யார் பெயரில் எழுதுவது?

கூடங்குளம் அணு உலையிலிருந்து தொடங்கலாம். அறிக்கையே அதைத்தான் பெரிதாகப் பேசியது. ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் ஒப்பந்தம் செய்தது 1988இல். கான்கிரீட் போட ஆரம்பித்தது 2002 மார்ச்சில். முதல் உலை 2007 டிசம்பரிலும் இரண்டாவது 2008 டிசம்பரிலும் மின்சாரம் தந்திருக்க வேண்டும் என்பது திட்டம். ஃபுகுஷிமா விபத்து நடந்தது 2011 மார்ச்சில். அதே ஆண்டு ஆகஸ்டில் உலையின் வெப்பச் சோதனை ஓட்டம் நடந்தபோது எழுந்த சத்தத்தில் சுற்றுவட்டாரம் அரண்டுபோனது. அதன்பின்தான் பக்கத்து ஊரான இடிந்தகரையின் போராட்டப் பந்தல் நிரம்பியது. செப்டம்பரில் மக்களின் அச்சம் தீரும்வரை வேலையை நிறுத்தச் சொல்லி மாநில அமைச்சரவை தீர்மானம் போட்டது. 2012 மார்ச் 19 அன்று மீண்டும் பச்சைக்கொடி காட்டியது. நடுவில் போனது ஆறேழு மாதம்.

அந்த முதல் உலை வணிக உற்பத்திக்கு வந்தது 2014 டிசம்பர் 31இல். குறித்த நாளிலிருந்து ஏழு ஆண்டு தள்ளி. ஊர் மக்கள் கூட்டமாகத் திரண்டபோதே திட்டம் மூன்றரை ஆண்டு பின்தங்கியிருந்தது. மறியல் எல்லாம் ஓய்ந்து வெகுகாலமான பிறகு, இரண்டாவது உலை 2017இல்தான் வணிக உற்பத்தியைத் தொட்டது. 13,171 கோடி ரூபாய் என்று போட்ட மதிப்பீடு 22,000 கோடியைத் தாண்டியது. ஏழு ஆண்டில் ஆறேழு மாதம் போராட்டத்தின் பங்கு என்றால், மற்ற ஏறத்தாழ ஆறரை ஆண்டு யாருடையது? உதிரிபாகங்கள் வந்து சேர்ந்த வேகம், ஒப்பந்த நிர்வாகம், பழுது என்று பல இடங்களில் அது சிதறிக் கிடக்கிறது. அவற்றுக்கு முகம் கிடையாது. படகில் கறுப்புக்கொடி கட்டிக்கொண்டு வந்தவர்களுக்கு முகம் இருந்தது. பழி அங்கே போய் ஒட்டிக்கொண்டது.

இன்னொரு தகவல். வேலை மீண்டும் தொடங்கியபோது அன்றைய முதல்வர் ஜெயலலிதா சுற்றுவட்டார வளர்ச்சிக்கு 500 கோடி ரூபாய் அறிவித்தார். வீடு, சாலை, மீனவர்களுக்கான வசதிகள் எல்லாம் அதில் அடங்கும். ஒப்பந்தம் போட்டு 24 ஆண்டு கழித்து, காவலர்கள் ஆயிரக்கணக்கில் வந்து இறங்கிய பிறகு அந்த 500 கோடி வந்தது. முதல் இரண்டு உலைகளுக்கு மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் என்ற ஒன்றே நடக்கவில்லை. அதைக் கட்டாயமாக்கிய விதி வருவதற்கு முன்பே, 1989இல், அனுமதி கொடுக்கப்பட்டாயிற்று என்பது அரசுத் தரப்பின் பதில். சட்டப்படி அந்தப் பதில் செல்லுபடியானது.

எதிர்ப்பின் விலையை ஓரளவு ஒழுங்காக அளந்தவர்கள் உலகில் உண்டு. ஹார்வர்டு கென்னடி பள்ளியும் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகமும் சேர்ந்து 2014இல் ஓர் ஆய்வை வெளியிட்டன. ரேச்சல் டேவிஸ், டேனியல் ஃபிராங்க்ஸ் இருவரும் எழுதியது. சுரங்க, எண்ணெய் நிறுவனங்களின் அதிகாரிகளையே உட்காரவைத்துக் கேட்டார்கள். ஆய்வுக் கட்டத்தில் துளைபோடும் ரிக் சும்மா நின்றால் நாளொன்றுக்குச் சுமார் 10,000 டாலர் போகும். 300 முதல் 500 கோடி டாலர் முதலீட்டில் எழுந்த பெரிய சுரங்கம் நின்றாலோ வாரத்துக்குச் சுமார் 2 கோடி டாலர்.

இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ரிக் நிற்கும் கட்டத்தில் ஒரு வாரம் பேச்சுவார்த்தைக்காக நிறுத்தினால் 70,000 டாலர். சுரங்கம் தோண்டி, ரயில் பாதை போட்டு, துறைமுகம் கட்டிய பிறகு அதே ஒரு வாரம் ஏறக்குறைய முந்நூறு மடங்கு. ஊர்க்காரர்கள் அதே ஊர்க்காரர்கள்தான், கேட்பதும் பெரும்பாலும் அதே தண்ணீரும் நிலமும்தான். நிறுவனம் எந்தக் கட்டத்தில் காது கொடுக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் விலை. அந்த ஆய்வு சொன்ன இன்னொன்று நிறுவனங்களையே உறுத்தியது: இழப்புகளிலேயே அதிகம் கண்டுகொள்ளப்படாதது மேலதிகாரிகளின் நேரம். ஒரு ஊரோடு மல்லுக்கட்டுவதில் தலைமை நிர்வாகிகளின் வேலை நாட்கள் எத்தனை கரைகின்றன என்று எந்த வரவு செலவுக் கணக்கிலும் தனிவரி கிடையாது.

பாப்புவா நியூகினியின் பூகன்வில் தீவில் பங்குனா செம்புச் சுரங்கம் இதன் கடைசி எல்லை. 1972இல் உற்பத்தி தொடங்கிய அந்தச் சுரங்கம், நாட்டின் ஏற்றுமதி வருவாயில் பாதிக்குச் சற்றுக் குறைவாக ஈட்டிக் கொடுத்தது. கழிவு நூறு கோடி டன்னுக்கு மேல் ஆற்றில் கொட்டப்பட்டது. நிலத்துக்குச் சொந்தக்காரர்களின் முறையீடு ஆண்டுக்கணக்கில் இழுத்தது. 1988இல் முன்னாள் சுரங்க ஊழியரான ஃபிரான்சிஸ் ஓனா தலைமையில் வெடிமருந்து திருடப்பட்டு மின்கோபுரங்கள் சாய்ந்தன. 1989 மே மாதம் சுரங்கம் மூடப்பட்டது, இன்றுவரை திறக்கவில்லை. பின்தொடர்ந்த உள்நாட்டுப் போரில் இறந்தவர்கள் 15,000 முதல் 20,000 வரை என்று மதிப்பிடுகிறார்கள். அதை டாலரில் எழுத முயல்வது அசிங்கம்.

இனி நம் பக்கத்துக் கதைக்கு வரலாம். செலவையும் எதிர்ப்பையும் ஒரே தாளில் கூட்டிக் கழிக்க அதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது.

கொச்சிக்குப் பக்கத்தில் புதுவைப்பு என்ற இடத்தில் பெட்ரோநெட் நிறுவனம் திரவ எரிவாயு முனையம் ஒன்றைக் கட்டியது. ஆண்டுக்கு 50 லட்சம் டன் கையாளும் திறன், 4,000 கோடி ரூபாய்க்கு மேல் செலவு. 2013இல் தயாரானது. கப்பலில் வரும் எரிவாயுவை மங்களூருக்கும் பெங்களூருக்கும் கொண்டுபோகும் குழாயைப் போடுவது கெயில் நிறுவனத்தின் வேலை. முனையம் வந்தது, குழாய் வரவில்லை. முதல் சில ஆண்டுகள் அந்த முனையம் தன் திறனில் பத்தில் ஒரு பங்கைக்கூடத் தொடாமல் கிடந்தது. வெளிச்சந்தையில் எரிவாயு விலை அதிகமாக இருந்ததும் ஒரு காரணம். ஆனால் குழாய் இல்லாத முனையத்தில் விலை இறங்கினாலும் விற்பனை ஏறாது.

குழாய் தமிழ்நாட்டில் போக வேண்டிய நீளம் 310 கிலோமீட்டர். கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி என ஏழு மாவட்டம். பெரும்பாலும் கிணற்றுப் பாசனத் தோட்டங்கள்; தென்னை, மஞ்சள், மரவள்ளி. 2013இல் சட்டமன்றத்தில் அன்றைய முதல்வர் ஜெயலலிதா, விளைநிலத்தை விட்டுவிட்டு நெடுஞ்சாலை ஓரமாகக் குழாயைக் கொண்டுபோகச் சொன்னார். வழக்கு நடந்தது. 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் கெயில் பக்கம் தீர்ப்பளித்தது. இடையில் 2014 ஜூன் 27 அன்று ஆந்திராவின் கிழக்கு கோதாவரி மாவட்டத்தில் நகரம் என்ற ஊரில் இதே நிறுவனத்தின் குழாய் வெடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் கருகிப்போனார்கள். அதுவரை தென்னைக்காக எதிர்த்தவர்கள் அதன்பின் உயிருக்காகவும் எதிர்த்தார்கள்.

இந்தக் கோபத்துக்குச் சட்டத்திலேயே ஒரு வேர் இருக்கிறது. 1962ஆம் ஆண்டின் பெட்ரோலியக் குழாய்ச் சட்டப்படி நிலத்தை வாங்க வேண்டியதில்லை. பயன்பாட்டு உரிமையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். பட்டா விவசாயியின் பெயரிலேயே இருக்கும். ஆனால் குழாய் போகும் நிலப்பட்டையில் வீடு கட்டக்கூடாது, கிணறு வெட்டக்கூடாது, மரம் நடக்கூடாது. இதற்கு இழப்பீடு நிலத்தின் சந்தை மதிப்பில் 10 சதவீதம். பயிருக்கும் மரத்துக்கும் தனியே கொடுப்பார்கள். பட்டையின் அகலம் 20 மீட்டர். தோட்டத்துக்குள் நூறு மீட்டர் நீளம் போனால் சுமார் அரை ஏக்கர். மூன்று ஏக்கர் தென்னந்தோப்புக்காரர் அரை ஏக்கரில் இனி தென்னை வைக்க முடியாது, அதை அடமானம் வைத்தால் வங்கியும் யோசிக்கும், பெண்ணுக்குச் சீராகக் கொடுக்கலாம் என்றால் மாப்பிள்ளை வீட்டாரும் யோசிப்பார்கள். கையில் கிடைப்பதோ பத்தில் ஒரு பங்கு.

இப்போது ஒரு கணக்கு. 310 கிலோமீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம் என்றால் 620 ஹெக்டேர். ஏறத்தாழ 1,530 ஏக்கர். ஏக்கர் 20 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 10 சதவீத இழப்பீடு மொத்தம் சுமார் 31 கோடி. முழு நிலத்தையும் முழு விலை கொடுத்து வாங்கினால் சுமார் 306 கோடி. மறுபக்கம், கொச்சி முனையத்தில் முடங்கிய 4,000 கோடிக்கு ஆண்டு வட்டி 10 சதவீதம் என்று போட்டாலே 400 கோடி. ஏழு மாவட்ட விவசாயிகளுக்கும் நிலத்தின் முழு விலையைக் கொடுத்து, பட்டாவையும் அவர்களிடமே விட்டிருந்தாலும் அந்த முனையத்தின் ஓராண்டு வட்டியைவிடக் குறைவாகத்தான் ஆகியிருக்கும். ஏக்கர் விலையை இரட்டிப்பாக்கிப் பாருங்கள். ஒன்றரை ஆண்டு வட்டி. முடங்கிக் கிடந்தது அதைவிட நெடுங்காலம்.

31 கோடிக்கும் 306 கோடிக்கும் இடையே உள்ள 275 கோடியை மிச்சம் பிடிப்பதற்காக ஆயிரக்கணக்கான கோடி சும்மா நின்றது என்று சொன்னால் அது கொஞ்சம் மிகையாகும்; பாதை, பாதுகாப்பு, அரசியல் எல்லாம் அதில் கலந்திருந்தன. ஆனால் அடுத்த மாநிலத்தில் நடந்ததைப் பார்த்தால் மிகை அவ்வளவு பெரிதில்லை என்று தெரியும். 2017 நவம்பரில் கோழிக்கோடு மாவட்டத்தின் முக்கம் பகுதியில் குழாய்க்கு எதிராகக் கல்லெறியும் தடியடியும் நடந்தன. அதன்பின் கேரள அரசு இழப்பீட்டுக்கு அடிப்படையான நில மதிப்பை இரட்டிப்பாக்கியது. பத்து சென்ட்டோ அதற்குக் குறைவாகவோ வைத்திருப்பவர்களுக்கு 5 லட்சம் ரூபாய் தனியாகத் தந்தது. எல்லோரும் சமாதானமாகிவிடவில்லை; ஆனால் வேலை நடந்தது. 2021 ஜனவரி 5 அன்று கொச்சி - மங்களூரு குழாய், 450 கிலோமீட்டர், திறக்கப்பட்டது. பத்து சென்ட்காரரின் கணக்கு வேறு, பத்து ஏக்கர்காரரின் கணக்கு வேறு என்பதை ஒத்துக்கொண்டதுதான் அங்கே முடிச்சை அவிழ்த்தது என்று தோன்றுகிறது. மத்தியச் சட்டத்தின் 10 சதவீதம் இருவரையும் ஒன்றாகப் பார்க்கிறது.

தூத்துக்குடி இன்னும் சிக்கலானது.

ஸ்டெர்லைட் செம்பு ஆலை முதலில் மகாராஷ்டிரத்தின் ரத்தினகிரிக்கு வர வேண்டியது. அங்கே எழுந்த எதிர்ப்பால் தெற்கே நகர்ந்தது. 1996இல் தாது ஏற்றி வந்த கப்பலைத் தூத்துக்குடி மீனவர்கள் படகுகளோடு போய் மறித்தார்கள். ஆலை ஓடத் தொடங்கியது. ஆண்டுக்கு 4 லட்சம் டன் செம்பு, நாட்டின் சுத்திகரித்த செம்பில் ஏறத்தாழ 40 சதவீதம் என்ற அளவுக்கு வளர்ந்தது. 2010இல் சென்னை உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது. 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஆலையைத் தொடரவிட்டு, மாசுபடுத்தியதற்காகவும் உரிய இசைவின்றிச் சில காலம் ஓட்டியதற்காகவும் 100 கோடி ரூபாய் கட்டச் சொன்னது. அதற்குக் குறைவான தொகை இந்த நிறுவனத்துக்கு உறைக்காது என்று கருதிய நீதிமன்றம், அதன் ஆண்டு லாபத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கைக் கணக்கிட்டது. 2018இல் ஆலையை இன்னொரு 4 லட்சம் டன்னுக்கு விரிவாக்கும் திட்டம் வந்தது. போராட்டத்தின் நூறாவது நாளான மே 22 அன்று துப்பாக்கிச் சூடு; 13 பேர் இறந்தார்கள். மே 28 அன்று ஆலைக்குப் பூட்டு.

அதன் பிறகு நடந்தவற்றை எண்ணுவது எளிது, எண்ணவும் செய்தார்கள். பதினெட்டு ஆண்டுகளாகச் செம்பை ஏற்றுமதி செய்துகொண்டிருந்த நாடு நிகர இறக்குமதி நாடாகியது. ஆலையின் உபபொருளான கந்தக அமிலத்தை நம்பியிருந்த சிறு ஆலைகள் விலையேற்றத்தில் திணறின. துறைமுகத்தில் சரக்கு குறைந்தது. கடன் வாங்கி லாரி வாங்கியவர்கள், வெல்டர்கள், கேன்டீன்காரர்கள், ஒப்பந்தத் தொழிலாளர்கள் என்று ஒரு நகரத்தின் பாதி வியாபாரம் ஆட்டம் கண்டது. நிதி ஆயோக் கேட்டுக்கொண்டதன்பேரில் கட்ஸ் இன்டர்நேஷனல் என்ற அமைப்பு நடத்திய ஆய்வு, இந்த மூடலால் ஏற்பட்ட மொத்த இழப்பைச் சுமார் 14,700 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது. லாரி உரிமையாளரின் இழப்பைக் கேலி செய்ய எவருக்கும் உரிமை இல்லை. கந்தக டை ஆக்சைடைக் காற்றில் விட்டவர் அவரல்ல; ஆனால் தவணை கட்ட முடியாமல் வண்டியை இழந்தவர் அவர்.

மற்றொரு பக்கத்தின் கணக்கு ஏன் இவ்வளவு துல்லியமாக இல்லை? கிணற்றுத் தண்ணீரை விட்டுவிட்டு 20 லிட்டர் கேன் வாங்கும் குடும்பத்தின் மாதச் செலவு நாட்டின் மொத்த உற்பத்தியில் வரவாகச் சேர்கிறது. மூச்சுத்திணறலுக்கு ஆஸ்பத்திரியில் கட்டும் பணமும் வரவுதான். ஆலை ஓடினால் ஒரு முறை, அதன் புகைக்கு வைத்தியம் பார்த்தால் இன்னொரு முறை என்று நம் கணக்கு முறை இரண்டையும் வளர்ச்சியாகவே எழுதும். ஆலை நின்றால் மட்டும் இழப்பு என்று எழுதும். பதினெட்டு, இருபது ஆண்டுகள் மீளவிட்டான், குமரெட்டியபுரம் பக்கத்துக் குடும்பங்கள் தங்கள் செலவில் சுமந்ததை, 2018இல் நிறுவனமும் அரசும் லாரிக்காரரும் சேர்ந்து சுமக்க நேர்ந்தது. கடன் புதிதில்லை, பேரேட்டில் பக்கம் மாறியிருக்கிறது. 2024 பிப்ரவரி 29 அன்று உச்ச நீதிமன்றம் நிறுவனத்தின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தபோது, ஆலையின் பொருளாதாரப் பங்களிப்பை ஒத்துக்கொண்டே, மக்களின் உடல்நலத்தை அதற்குமேல் வைத்தது.

கணக்கில் வராத பொருளாதாரம் என்றால் ஒடிசாவின் டிங்கியா கிராமத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. கொரியாவின் போஸ்கோ நிறுவனம் 2005 ஜூனில் ஒப்பந்தம் போட்டது: 1,200 கோடி டாலர், ஆண்டுக்கு 120 லட்சம் டன் எஃகு. இந்தியாவுக்கு அதுவரை வந்த அந்நிய முதலீட்டிலேயே பெரியது என்று கொண்டாடப்பட்டது. கேட்ட நிலத்தில் பெரும்பகுதி ஆவணப்படி வன நிலம். ஆவணப்படிதான். தரையில் அது வெற்றிலைக் கொடிக்கால். ஆண்டு முழுக்க வெட்டி விற்கக்கூடிய, நிலமற்ற கூலிகளுக்கும் தினமும் வேலை தரக்கூடிய பயிர். வன நிலம் என்று எழுதியிருந்ததால் கொடிக்கால்காரருக்குப் பட்டா கிடையாது. பட்டா இல்லாததால் அவர் சம்பாத்தியம் திட்ட அறிக்கையில் பெரிதாகத் தெரியவில்லை. பன்னிரண்டு ஆண்டு இழுபறிக்குப் பின், 2017இல் போஸ்கோ விலகியது. சுரங்கங்களை ஏலத்தில்தான் எடுக்க வேண்டும் என்று 2015இல் மாறிய சட்டமும் அந்த முடிவில் பங்கு வகித்தது.

அதே மாநிலத்தின் லாஞ்சிகர் வேறு ரகம். நியமகிரி மலையில் பாக்சைட் வெட்ட அனுமதி கிடைக்கும் என்ற நம்பிக்கையில் மலையடிவாரத்தில் வேதாந்தா நிறுவனம் அலுமினா ஆலையைக் கட்டி முடித்துவிட்டது. அனுமதி வரவில்லை. உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி 2013இல் பன்னிரண்டு கிராம சபைகள் கூடின. பன்னிரண்டும் வேண்டாம் என்றன. அதற்கு முன்பே மூலப்பொருள் கிடைக்காமல் ஆலை சில மாதங்கள் மூடிக் கிடந்தது. பின்பும் வெளியூரிலிருந்து பாக்சைட் கொண்டுவந்துதான் ஓடியது. அப்படிக் கொண்டுவரும் செலவை எல்லாம் பழங்குடி மக்களின் எதிர்ப்பால் வந்த இழப்பு என்று எழுதுகிறவர்கள் உண்டு. பெண் கேட்கும் முன்பே மண்டபத்துக்கு முன்பணம் கட்டியவரின் நஷ்டம் அது.

எதிர்ப்பவர்கள் எப்போதும் சரி என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். இலங்கையின் மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவாட் காற்றாலைத் திட்டத்திலிருந்து அதானி கிரீன் 2025 பிப்ரவரியில் விலகியது. வலசைப் பறவைகளின் பாதை பற்றிய வழக்கு ஒரு பக்கம், யூனிட்டுக்கு 8.26 அமெரிக்க சென்ட் என்ற விலையைப் புதிய அரசு மறுபடி பேச வேண்டும் என்றது இன்னொரு பக்கம். இலங்கை மின்வெட்டில் இருண்டு கிடந்தது அதற்கு மூன்று ஆண்டு முன்புதான். பறவையா, மின்சாரமா, விலையா என்று மூன்று தராசு ஒரே நேரத்தில் ஆடும் இடத்தில், மக்கள் எதிர்ப்பு என்ற ஒரே சொல்லில் எல்லாவற்றையும் மூட்டை கட்டுவது சோம்பல். இங்கே எதிர்ப்பால் இழந்ததும் உண்டு, டெண்டர் இல்லாமல் பேசிய விலையை நாடு மறுபடி பார்க்க வாய்ப்பு வந்ததும் உண்டு.

சேலம் - சென்னை எட்டுவழிச் சாலையில் இழந்தது முக்கியமாக நேரம். 2018இல் அறிவிப்பு, 277 கிலோமீட்டர், 10,000 கோடி ரூபாய். சுற்றுச்சூழல் அனுமதி வருவதற்கு முன்பே போலீஸ் பாதுகாப்போடு வயல்களில் அளவுக் கல் நட்டார்கள். 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் நில எடுப்பை ரத்து செய்தது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அரசு மறுபடி முறையாகத் தொடங்கலாம் என்றது. இன்னும் சாலை இல்லை. நட்ட கல்லும் பிடுங்கிய கல்லும்தான் மிச்சம்.

மக்களை முன்கூட்டியே கேட்க விதி இல்லாமல் இல்லை. 2006ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் அறிவிக்கையின்படி, கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். திட்ட அறிக்கையின் சுருக்கம் உள்ளூர் மொழியில் இருக்க வேண்டும். முழு அறிக்கை பெரும்பாலும் ஆங்கிலத்தில், நூற்றுக்கணக்கான பக்கம். ஆட்சியர் தலைமையில் பந்தல், வீடியோ, கையெழுத்து, பிரியாணி வதந்தி, ஆலைப் பக்கம் அழைத்துவந்த கூட்டம், எதிர்ப்பக்கம் திரண்டு வந்த கூட்டம், நடுவில் கிணற்றின் ஆழத்தைச் சொல்ல வந்த ஒருவருக்கு இரண்டு நிமிடம். பல ஆயிரம் கோடித் திட்டத்தின் மொத்தச் செலவில் இதைவிட மலிவான நாள் கிடையாது. 2020இல் வெளியான வரைவு அறிவிக்கை அந்த 30 நாளை 20 ஆக்க முயன்றது. அதே ஆண்டு ஜனவரியில் எண்ணெய், எரிவாயு ஆய்வுக் கிணறுகளுக்குக் கருத்துக்கேட்பே வேண்டாம் என்று விதி மாறியது. ஆய்வு ரிக் ஒரு நாள் நின்றால் 10,000 டாலர் என்று முன்பு பார்த்தோமே, அந்தக் கட்டத்தில்தான். நெடுவாசல் கிராமத்தில் 2017இல் ஒப்பந்தம் கையெழுத்தாகியும் ஹைட்ரோகார்பன் எடுக்க முடியாமல் போனதை அருகிலிருந்து பார்த்த காவிரி டெல்டா விவசாயிகளுக்கு, அந்த விதிமாற்றம் என்ன செய்தி சொல்லியிருக்கும் என்று கணிக்கப் பெரிய ஆய்வு தேவையில்லை. ஒரே மாத இடைவெளியில், 2020 பிப்ரவரியில், மாநில அரசு டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தது.

மத்தியப் புள்ளியியல் அமைச்சகம் 150 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட மத்தியத் திட்டங்களின் தாமதத்தையும் செலவேற்றத்தையும் தொடர்ந்து வெளியிடுகிறது. காரணங்களின் பட்டியலும் அதில் உண்டு: நில எடுப்பில் தாமதம், வன அனுமதி, நிதி ஏற்பாடு, எதிர்பாராத நிலவியல் சிக்கல், ஒப்பந்தத் தகராறு. ஊர் மக்களின் எதிர்ப்பு பெரும்பாலும் போய் உட்காருவது சட்டம் ஒழுங்கு என்ற தலைப்பின் கீழ். அந்த அட்டவணையில் இன்னும் ஒரு பத்தி சேர்ப்பதற்கு எந்தச் சட்டத் திருத்தமும் தேவையில்லை: இத்திட்டம் குறித்து ஊரிலிருந்து முதல் மனு வந்த தேதி, அதற்குப் பதில் போன தேதி. எத்தனை மாதம் தாமதம் என்பது ஏற்கெனவே அதில் இருக்கிறது.